தொட்டி மேலே நாற்பத்தொரு சதவீதம்

மார்ச் 3

தங்கை மகளின் கம்பெனியில் எனக்குப் போன் எடுக்கும் வேலை. வெளியில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆலோசனையை யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் கொடுத்து வருகிறேன். கம்பெனி என்றால் அவள், இரண்டு கணினி, ஒரு மின்விசிறி, நான். மலைமேல் உள்ள சிறு மருத்துவ நிலையங்களுக்கு ஓர் ஆப் செய்திருக்கிறாள். யாருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், எது யாருக்கு ஒத்துக்கொள்ளாது, எல்லாம் நர்ஸின் போனிலேயே பார்க்கலாம்.

வாராவாரம் அதில் புதிதாக ஏதாவது சேர்ப்பாள். நர்ஸ்களில் சிலர் அதைத் தங்கள் போனில் போடுவார்கள், சிலர் போட மாட்டார்கள். ஆளுக்கொரு வெர்ஷன். "பச்சைப் பொத்தான் தெரியுதா?" என்பேன். "இல்லையே!" என்பார்கள். எனக்குத் தெரிந்ததே அந்தப் பச்சைப் பொத்தான் ஒன்றுதான்.

அதனால் இன்று அரிய ஆலோசனை ஒன்று சொன்னேன்: புதுசு போடாவிட்டால் ஆப் திறக்கவே கூடாது.

"மலையில நெட்டு ஊர்ந்துதான் வரும் மாமா..." என்று இழுத்தாள்.

"நான் பாக்காத மலையா!" என்றேன்.

நான் பார்த்த மலை காலண்டரில் இருப்பது.

மார்ச் 5

செய்துவிட்டாள். காலையிலிருந்து ஒரு போன்கூட இல்லை. நான் ஒரு மேதை.

மார்ச் 6

நேற்றைய அமைதிக்குக் காரணம் தெரிந்தது. எல்லோரும் இன்னும் புதுசை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மலை நர்ஸிடம் காலையில் 'வந்துக்கிட்டே இருக்கும்மா' என்று சொல்லி வைத்தேன். மதியம் மறுபடி கூப்பிட்டாள். "அண்ணே, சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஏதோ ஒரு ஊசி அவளுக்கு ஆகாதுன்னு போன தடவை பதிஞ்சு வெச்சேன். எந்த ஊசின்னு பாக்கணும், உங்க ஆப்பு திறக்க மாட்டேங்குது!"

பச்சைப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தங்கை மகள் போனைப் பிடுங்கி, தன் கணினியில் தேடி, ஊசியின் பெயரைச் சொன்னாள்.

குழந்தை தப்பித்தது. ஆனால் மலை நிலையங்களுக்கெல்லாம் பொறுப்பான பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம், இந்த மாதத்துக்குள் சரியாகவில்லை என்றால் ஆப் வேண்டாம், பழையபடி நோட்டுப் புத்தகம்தான் என்று. அவளுடைய மூன்று வருஷ உழைப்பு.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். திட்டித் தொலைச்சிருக்கலாம். ஏன்டா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?

மார்ச் 9

"நீங்களே மலைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க மாமா" என்று அனுப்பிவைத்தாள். போனேன்.

நிலையத்தின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினால்தான் அங்கே நெட் கிடைக்கும். நர்ஸ் தன் போனை என் கையில் திணித்து, "பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று இறங்கிப் போய்விட்டாள். தூக்கிய கையோடு சிலை மாதிரி நின்றேன். புதுசு நாற்பத்தொரு சதவீதம் வந்தது. ஒரு மேகமும் வந்தது. நெட் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. இப்படியே மூன்று முறை. மூன்றாம் முறை மழையும் சேர்ந்துகொண்டது.

நர்ஸ் ஏறி வந்து, "வந்துடுச்சா அண்ணே?" என்றாள்.

"வந்துக்கிட்டே இருக்கும்மா."

"போன்லயும் இதையேதான் சொன்னீங்க."

வீட்டில் கதை சொல்லும்போது தூறல் புயலாகிவிட்டது. ஏணி செங்குத்துப் பாறையாகிவிட்டது. அந்த நாற்பத்தொன்றை மட்டும் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 10

பூட்டை எடுத்துவிட்டாள். இனிப் பழைய வெர்ஷனும் திறக்கும்.

"அப்போ வாராவாரம் அனுப்புறதை நிறுத்திடலாமே?" என்றேன். எனக்கு எதிலும் ஒரேயடியாகத்தான்.

"மருந்து அளவுல தப்பு இருந்தா அன்னைக்கே அனுப்பியாகணும் மாமா. அதை மட்டும் குட்டியா அனுப்புவேன். நடுவுல அறுந்தா, விட்ட இடத்துலேர்ந்து இறங்கும். கலரு, படமெல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்."

"ஆளுக்கொரு வெர்ஷன் இருக்குமே, எனக்கு எப்படித் தெரியும்?"

பழைய போன்கள் ஐந்தை மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு வெர்ஷன். "படிங்க" என்றாள்.

மார்ச் 14

படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இதில் பாதி படித்திருந்தால் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன்.

மார்ச் 31

நோட்டுப் புத்தகம் வேண்டாமாம். பெரிய டாக்டரை நானே நேரில் வாதாடி மடக்கியதாகத் தங்கையிடம் சொன்னேன். அவரை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 12

நர்ஸ் கூப்பிட்டாள். "அண்ணே, புதுசு வந்திருக்குன்னு காட்டுது. இப்பவே போடணுமா? இங்க ஒரே கூட்டம்."

"வேணாம்மா. பழசே ஓடும். கீழ இறங்கி வரும்போது போட்டுக்கலாம்."

"அப்போ நான் ஒண்ணும் செய்ய வேணாமா?"

"ஒண்ணும் வேணாம்."

அவள் போனை வைப்பதற்குள், "அடுத்தவங்க வாங்க" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது.