இருமலுக்குக் கட்டிய பந்தயம்

மாஸ்டர் அவர்களுக்கு,

பந்தயத்தில் உங்கள் மனைவி ஜெயித்துவிட்டாள்! "இங்கிலீசுல 'டேக் கேர்'னு சொன்னா யார் பாத்துக்கணும்னே வராது, 'நீ' ஒளிஞ்சுக்கும். ஒளியாத பாஷை இருந்தா காட்டு தயானி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்று இருமிக்கொண்டே சண்டை பிடித்தீர்களே. ஹட்டன் நெட் கஃபேயில் கண்டுபிடித்தேன்: லொஜ்பான், சிலர் யோசித்து யோசித்து உருவாக்கிய மொழி. அதில் கட்டளைக்கென்றே 'கோ' என்றொரு 'நீ' உண்டு. வாக்கியத்தில் எங்கே நின்றாலும் அது கட்டளைதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவைகூட வரும்: "கோ குர்ஜி கோ." 'குர்ஜி' என்றால் கவனிப்பது. கவனிப்பவரும் நீங்கள், கவனிக்கப்படுபவரும் நீங்கள்!

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

பி.கு.: மஃப்ளர் கட்டிக்கொண்டு வாருங்கள். இந்த வாக்கியத்தில் 'நீங்கள்' இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.