மீசை வைத்த மஞ்சள் முகம்

மாமா,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், ‘தண்ணீர் லாரி வந்துவிட்டது’ என்று போட்டேன். பழக்கதோஷத்தில் கை அந்த மஞ்சள் முகத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டது. 🙁 சற்று நேரத்தில் எதிர்வீட்டு மதுரைப் பெண் கதவைத் தட்டினாள். “என்னக்கா, தண்ணி கலங்கலா வருதா?” இல்லை என்றேன். “அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்ட பொம்மை?” உங்களைத்தான் கேட்க வேண்டும், நீங்கள் இல்லை.

அத்தை போன பிறகும் சனத்நகர் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றீர்கள். நானும் உங்கள் மகனும் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து நினைத்தபோதெல்லாம் ஓடிவர முடியாது என்பதால் அவர் புதுப் போன் வாங்கித் தந்தார். என் கலவரம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. ‘மாத்திரை போட்டாச்சு 🙁’. ‘கேஸ் சிலிண்டர் வந்தது 🙁’. ‘இட்லி பஞ்சு மாதிரி இருந்தது 🙁’. நான் மீட்டிங்கை விட்டு வெளியே வந்து கூப்பிடுவேன். “என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?” “நான் ஜம்முனு இருக்கேன். உனக்கு என்னம்மா ஆச்சு?” ஒருவரைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டே போனை வைப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். “அது நான்தாம்மா. மீசை தெரியலை?” என்று உங்கள் தொங்கு மீசையைத் தடவிக் காட்டினீர்கள். ஆலையில் இருந்த காலம் முழுக்க இனிஷியல் போடாமல் ஒரு தாளையும் மேஜையைவிட்டு நகரவிடாதவர் நீங்கள். வாட்ஸப்பில் மட்டும் கையெழுத்தில்லாமல் எப்படி அனுப்புவீர்கள்? எல்லோருக்கும் வாயாகத் தெரிகிற வளைவு உங்களுக்கு மீசை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

அது லேசான வருத்தத்தைச் சொல்கிற முகம் என்று பிறகு விளக்கினேன். நீங்கள் நம்பவில்லை.

“அப்போ பெரிய வருத்தம்னா?”

“அதுக்கு அழற மூஞ்சி தனியா இருக்கு மாமா.”

“லேசான வருத்தத்தை எதுக்கும்மா ஆள் விட்டுச் சொல்லணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும்.”

வேறு படம் தேடித் தரட்டுமா என்றேன். “நக்கோ, வேணாம். இதுலதான் என் ஜாடை இருக்கு” என்று போனைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

உங்களுக்கு ஆபரேஷன் நடந்த அன்று நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் உங்கள் போனை வாங்கி வைப்பதற்கு முன் உங்களிடமிருந்து ஒன்று வந்தது. வார்த்தை எதுவும் இல்லை, வெறும் 🙁. நானும் அதையே திருப்பி அனுப்பினேன். நீங்கள் பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. சுவாசக் குழாயை ஒட்டுவதற்காக அதற்கு முன்பே உங்கள் மீசையை மழித்துவிட்டார்கள் என்று நர்ஸ் பிறகுதான் சொன்னார். நீங்கள் கண் விழிக்கவே இல்லை.

அது என்ன மாமா? ‘நான்தான்’ என்றீர்களா? மீசை போய்விட்டதே என்றீர்களா? இல்லை, நான் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தில்தான் அனுப்பினீர்களா? “அப்பா பழக்கத்துல அமுக்கியிருப்பார், விடு” என்கிறார் உங்கள் மகன். என்னால் விட முடியவில்லை. உள்ளே நீங்கள் பயந்துபோய் இருந்தீர்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அப்படி என்றால் என் பதிலை என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள்? ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று நினைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் எனக்கு ஏது மீசை? நானும் கலங்கிவிட்டேன் என்று நினைத்தீர்களோ, கேலி செய்கிறேன் என்று நினைத்தீர்களோ. ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சரியாகப் படுகிறது.

இப்போது நான் யாருக்கு எதை அனுப்பினாலும் அந்த முகம் கூடவே போகிறது. எதிர்வீட்டுப் பெண் மறுபடியும் கேட்பாள். அது எங்கள் மாமா என்று சொல்லிவிடப் போகிறேன். “அதுக்கு அழுகிற மூஞ்சிதானேக்கா போடணும்?” என்பாள். அதில் உங்கள் ஜாடை இல்லை என்பேன்.