தெஸ்லிம் வீட்டு அண்டா

கய்னார்ஜா கிராமம், மாலத்யா
20 ஜனவரி 1973

அன்புள்ள குலிஸார்,

எங்களைக் கேட்டால் சுகம். உன் சுகத்துக்கும் குறையிருக்காது என்று நம்புகிறேன். ஆட்டுக்கொட்டிலின் கூரை பனியில் ஒரு பக்கம் சாய்ந்தது, முட்டுக் கொடுத்துவிட்டேன். பாதாமி மரங்களுக்குச் சேதமில்லை.

காரியத்துக்கு வருகிறேன். பிப்ரவரி நான்காம் தேதி முஹர்ரம் விரதம் தொடங்குகிறது. பன்னிரண்டு நாள் முடிந்ததும் அஷுரேக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். போன இரண்டு வருஷமும் என் தங்கை ஃபாதிமே காய்ச்சினாள். அவள் இலையுதிர்காலத்தில் கல்யாணமாகி அங்காராவுக்குப் போய்விட்டாள். யாரையாவது கூப்பிட்டுச் செய்யலாம்தான். ஆனால் இது நம் வீட்டு நேர்த்திக்கடன். நீதானே நேர்ந்துகொண்டாய். எதற்காக என்று எழுத வேண்டியதில்லை.

அதனால் நானே காய்ச்சப்போகிறேன். சிரிக்காதே. கோதுமை எவ்வளவு, எதை எப்போது போடுவது, எல்லாவற்றையும் விவரமாக எழுது. சீக்கிரம் எழுது. நீ மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறவள். ஓவர்டைம் என்பாய். ஜெர்மனியில் பேனா கிடைக்காதா என்று இங்கே கேட்கிறார்கள்.

உன் கணவன்
கம்பெர்


கொலோன்
6 பிப்ரவரி 1973

மதிப்புக்குரிய கம்பெர் அவர்களுக்கு,

கடிதம் நேற்று வந்தது. பெரியவர்கள் கைகளுக்கும் சின்னவர்கள் கண்களுக்கும் என் முத்தங்கள். ரேடியோ தொழிற்சாலையில் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தோள்வலி குறைந்திருக்கிறது. பேனா இங்கே கிடைக்கிறது. எழுதத்தான் விஷயம் கிடைப்பதில்லை.

கோதுமையைப் புடைத்து, கல் பொறுக்கி, முதல் நாளே ஊறவையுங்கள். கொண்டைக்கடலையையும் வெள்ளை பீன்ஸையும் தனித்தனியாக ஊறவைத்துத் தனித்தனியாக வேகவைக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் கோதுமை குழைந்துபோகும், கடலை அப்படியே கிடக்கும். கோதுமை வாய்பிளந்து, கஞ்சி கெட்டியாகும்போது கடலையும் பீன்ஸும் சேருங்கள். பிறகு நறுக்கிய பாதாமி, அத்தி, உலர்ந்த திராட்சை. திராட்சையைக் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் கஞ்சி கறுத்துவிடும். இனிப்புக்குத் திராட்சைப் பாகு, அதுவும் கடைசியில்தான். முன்னாலேயே ஊற்றினால் எதுவும் வேகாது. வால்நட், பாதாம், ஹேசல்நட் மூன்றும் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே தூவ. தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பன்னிரண்டு வகை வர வேண்டும், எண்ணிக்கொள்ளுங்கள். பட்டணத்துக்காரர்கள் பால் ஊற்றுவார்கள். நம் வீட்டில் ஊற்றுவதில்லை, யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மரக்கரண்டியை நிறுத்தாமல் கிண்டுங்கள், அடிப்பிடித்தால் ஊருக்கே மணக்கும்.

அண்டாவின் உள்ளே ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்து செம்பு தெரிந்தால் அதில் காய்ச்சக் கூடாது, விஷம். அந்த அளவுக்கு ஊரில் இன்னொரு அண்டா ஒரு வீட்டில்தான் இருக்கிறது. போவதும் போகாததும் உங்கள் பாடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

குலிஸார்


கய்னார்ஜா
18 பிப்ரவரி 1973

அன்புள்ள குலிஸார்,

உன் பதில் இன்னும் வரவில்லை. அஷுரே காய்ச்சிக் கொடுத்தாகிவிட்டது.

விரதத்தின் பத்தாம் நாள் அண்டாவை இறக்கினேன். உள்ளே ஈயம் பூராவும் போய், செம்பு சிவப்பாகத் தெரிந்தது. ஈயம் பூசுகிறவர் பனிக்குப் பயந்து இந்தப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு தெஸ்லிம் வீட்டுக்குப் போனேன்.

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை. அவனே கதவைத் திறந்தான்.

"என்ன கம்பெர், வழி தவறி வந்துட்டியா?"

"அண்டா வேணும். அஷுரேக்கு."

"அண்டாவுக்கு வந்துட்ட. மூணு வருஷத்துக்கு முன்னால டிராக்டருக்கு வந்திருக்கலாமேடா."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி எஸ்மே, "வாயக் கழுவு! விரத நாளுல என்ன பேச்சு பேசுற?" என்று கத்தினாள். அவனுக்கும் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய் அண்டாவை எடுத்துவந்தான். ஆளுக்கொரு வளையம் பிடித்துப் பனியில் நம் வீடுவரை தூக்கிவந்தோம்.

விரதம் முடிந்த மறுநாள் நான் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொட்டி அடுப்பை மூட்டிவிட்டேன். நண்பகலாகியும் கடலை வேகவில்லை. எஸ்மே வந்து கரண்டியில் எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "கம்பெர் அண்ணே, கடலையைப் போட்டீங்களா, ஆத்துக் கூழாங்கல்லைப் போட்டீங்களா?" அங்கே கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளே கடலையைப் பொறுக்கி எடுத்து, தன் வீட்டில் வெந்திருந்ததைக் கொண்டுவந்து போட்டாள். சாயங்காலம் முப்பத்தொரு வீட்டுக்குக் கிண்ணம் போயிற்று. நன்றாக இருந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

கிண்ணங்களில் ஊற்றுமுன் எஸ்மே கேட்டாள்: "யார் பேரச் சொல்லி வேண்டிக்கட்டும்?" ஃபாதிமே இருந்தவரை அவளே ஏதாவது சொல்லிவிடுவாள். இந்தத் தடவை எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "எக்பெர். என் மகன் அலி எக்பெர்" என்றேன். அவனைப் புதைத்த பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை, குலிஸார்.

இனி மறைக்க முடியாது. அன்று மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் ஏறியபோது, அர்குவன் சாலை பனியில் மூடிவிட்டது, டாக்டரிடம் காலையில் போவோம் என்று உன்னிடம் சொன்னேன். சாலை மூடவில்லை. தெஸ்லிமின் டிராக்டர் அன்று அர்குவனுக்குப் போய்த் திரும்பியது. கொட்டிலுக்குப் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். அவனிடம் போய் நிற்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வெறும் காய்ச்சல்தானே, விடிந்தால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். விடியுமுன் பிள்ளை போய்விட்டான்.

நீ ஜெர்மனிக்குப் பெயர் கொடுத்தபோது நான் தடுக்காததற்குக் காரணம் இதுதான். இனி நீ எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கம்பெர்


கய்னார்ஜா
23 பிப்ரவரி 1973

குலிஸார்,

அஷுரே பக்குவம் எழுதிய உன் கடிதம் இன்று வந்தது. கடலையைத் தனியாக ஊறவைக்கச் சொல்லியிருக்கிறாய். எஸ்மேயிடம் படித்துக் காட்டினேன். நான் ஐந்து நாள் முன் போட்ட கடிதம் உனக்குக் கிடைத்ததா?

கம்பெர்


கொலோன்
11 மார்ச் 1973

கம்பெர்,

இரண்டு கடிதமும் வந்தன. பெரியதை ஆறு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். இன்று ஞாயிறு. அறையில் யாருமில்லை, எழுதுகிறேன்.

நானும் விடுதியில் காய்ச்சினேன். இங்கே அண்டா ஏது, மூன்று சின்னப் பாத்திரத்தில்தான். எங்கள் அறையிலிருக்கும் கிரேக்கப் பெண் தெஸ்பினா ருசி பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல இந்தக் கோதுமையைச் செத்தவங்களுக்குத்தான் பண்ணுவோம். உனக்கு யாரு?" என்றாள். அரைகுறை ஜெர்மன் பேச்சில் சுற்றிவளைக்க முடியாது. "என் மகன்" என்றேன். ஒரு வருஷமாகப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவள். எனக்குப் பிள்ளை இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். டிராக்டர் சத்தம் எனக்கும் கேட்டது. பிள்ளை நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அது போகும்போதும் கேட்டது, திரும்பும்போதும் கேட்டது. நீங்கள் உள்ளே வந்து சாலை மூடியிருக்கிறது என்றீர்கள். பொய் என்று தெரிந்தே "சரி" என்றேன். தண்ணீர்ச் சண்டையில் எஸ்மே என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அவள் வாசலில் போய்க் கெஞ்ச எனக்கும் மனம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே போயிருக்கலாம். நாற்பது காலடி தூரம்.

உங்கள் மேல் கோபத்தில் நான் வந்துவிட்டதாக ஊர் நினைக்கிறது, நீங்களும் நினைக்கிறீர்கள். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிவந்தது அதற்காக இல்லை. என்றாவது ஒரு நாள் நீங்கள் என் முகத்தைப் பார்த்து, "உனக்குக் கேட்கவே இல்லையா?" என்று கேட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன்.

ஜூலை ஏழாம் தேதியிலிருந்து நான்கு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிறேன். அங்கேயே இருந்துவிடுவேனா, உங்களை இங்கே வரச் சொல்வேனா, எனக்கே இன்னும் தெரியவில்லை. மாலத்யா ஸ்டேஷனுக்கு வாருங்கள். அங்கே எதையும் பேச வேண்டாம். நேராகக் கல்லறைக்குப் போவோம். அவனை அடக்கம் செய்த பிறகு நான் அந்தப் பக்கமே போனதில்லை. கல்லில் பெயர் வெட்டியிருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. வெட்டவில்லையென்றால் ஆளைச் சொல்லிவையுங்கள். வெட்டும்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குலிஸார்