பொம்மைகளுக்குப் பூசிய திருநீறு

அன்பு அம்மாவுக்கு,

முழங்கால் நோ எப்படி? நான் சுகமாக இருக்கிறேன்.

லண்டனில் எனக்கு இப்போது ஆமிக்காரப் பொம்மைகளோடுதான் வேலை. பெரிய ஆட்கள் மேசையில் போர் விளையாடுவதற்காக, அவற்றின் துவக்குகளை வெட்டி, இறகு ஒட்டி, வர்ணம் பூசிப் பழைய மெக்சிக்கோவின் அஸ்டெக் வீரர்களாக மாற்றுகிறேன்.

நேற்று ஒரு பகிடி. சண்டை முடிந்த அன்று அண்ணாவை ஆமியிடம் ஒப்படைக்க முன் "கெதியா வந்திடுவாய்" என்று நீங்கள் பூசிவிட்டதுபோல, என்னையறியாமல் எல்லார் நெற்றியிலும் திருநீறு தீட்டிவிட்டேன். முதலாளி சிரித்தார். ஆட்டத்தில் பிடிபடுகிற வீரர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஆட்டம் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான கிளிநொச்சிப் போராட்டப் பந்தலுக்கு நீங்கள் கொண்டுபோகும் அண்ணாவின் படத்தில் ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கோ, அம்மா. முகம் தீட்டும்போது அவருடைய கண்கள் ஞாபகத்துக்கு வருகுதில்லை.

வேலைக்கு நேரமாகிறது.

துவாரகன்