இந்த வாரம் குழம்பு இல்லை, ஸ்டெல்லா

என் அருமை ஸ்டெல்லா,

முதல்ல உன் மகளைப் பத்திச் சொல்லிடறேன். மெர்சி ஆறாவது வந்துட்டா. அப்பாவும் இல்லாத பிள்ளைன்னு, நீ போனதிலிருந்து போன வாரம் வரைக்கும் அம்பத்தூர்ல என்னோடதான் இருந்தா. கோபம் வந்தா மூக்கு சிவக்கிறது அப்படியே நீதான்.

திரும்ப லாரி வர ஆரம்பிச்சிடுச்சுடி. அயனம்பாக்கம் ஏரியில நீ எழுதின அதே கரையில, இடிச்ச கட்டடத்துக் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கிட்டாங்க. தண்ணி நின்ன இடத்துல மனைக்கு அளவுக்கல் நட்டிருக்கு. போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் படிச்சுட்டு, "நல்லாயிருக்கும்மா. பேர் மட்டும் வேண்டாம், 'நமது நிருபர்'னு போட்டுடலாம். உன் பாதுகாப்புக்குத்தான்" என்றார். உனக்கும் இதையேதானே சொன்னார்? சமையல் பக்கத்துல ரசத்துக்கு எங்க பேர் வேணும், ஏரிக்கு வேண்டாமான்னு நீ மேஜையைத் தட்டிக் கேட்டே. கடைசியில 'நமது நிருபர்'தான் வந்தது.

அந்த வாரமே வானகரத்துல உன் மொபெட்டை லாரி அடிச்சுது. நம்ம பத்திரிகையே 'லாரி மோதி பெண் சாவு'ன்னு ரெண்டு வரி போட்டுது. நீ இங்கே வேலை பார்த்தவள்னுகூட இல்லை. உன் பேரை வாசகர்கள்கிட்ட மறைச்சாங்க, சரி. எழுதினது நீதான்னு அந்த லாரிக்காரங்களுக்கு யார் சொன்னது?

போன சனிக்கிழமை ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை. பாவி, செருப்பைக்கூட வாசல்ல கழட்டிட்டுத்தான் நின்னான்.

"பேப்பர்ல கொழம்பு எழுதறது நீங்கதானேம்மா? ஊட்ல சம்சாரம் அதைப் பாத்துதான் செய்யுது. வாராவாரம் கிழிச்சி எடுத்து வச்சிக்கினு கீது."

சந்தோஷம்னேன்.

"அதையே எழுதிக்கினு இருங்கம்மா. ஏரிப் பக்கம் இன்னாத்துக்கு? ரோடு சரியில்ல." உள்ளே எட்டிப் பார்த்தான். "ஸ்டெல்லாம்மா பொண்ணு இங்கதான கீது? டியூஷனுக்கு ஒண்டியா போய் வருது, பாத்தேன்."

என் செய்தி இன்னும் அச்சுக்கே போகலை, ஸ்டெல்லா. ஆசிரியர் மேஜையிலதான் இருந்தது.

மறுநாளே மெர்சியை அனுப்பிட்டேன். எங்கேன்னு உனக்குத் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன். "நீயும் வா சித்தி"ன்னு கையை விடவே இல்லை. எனக்கு பயமா இருக்குடி. எழுதினதைத் திரும்ப வாங்கிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்னு தோணுது. ஆயிடுமா?

நம்ம ஆபீஸ் உனக்குத் தெரியாததா? சமையல் பக்கத்தை அங்கே எந்த ஆம்பளையும் படிக்கிறதில்லை. பிழை திருத்துற கமலா பார்த்தா நேரா அச்சுக்குத்தான். "உப்பே போடாம எழுதினாலும் கேக்க நாதியில்லை"ன்னு நீ திட்டுவியே, அதே பக்கம். என் பேரும் படமும் வர்ற அதே கட்டத்துலதான் இந்தக் கடிதமும் வருது. கமலாகிட்ட சொன்னேன், உன்னை மாட்டிவிட மாட்டேன்னும் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "என் பேரையும் போடு வசந்தா"ன்னா. போட்டுட்டேன்.

இதை எழுதறப்போ தெருமுனையில ஒரு லாரி நிக்குது. ஜல்லி இறக்க வந்ததாவும் இருக்கலாம்.

உனக்கு ஒண்ணு சத்தியமா சொல்றேன். அந்த ஏரியைப் பத்தி நான் எழுதறது எல்லாத்துலயும் உன் பேர் முதல்ல இருக்கும், அப்புறம்தான் என் பேர். எனக்கு என்ன ஆனாலும் இனி ரெண்டு வரியில முடிச்சுட முடியாது. ஏன் ஆச்சுன்னு எத்தனையோ வீட்டு அடுப்படியில தெரிஞ்சிருக்கும். அந்த ஆளோட சம்சாரமும் இதைக் கிழிச்சு எடுத்து வச்சிருப்பாங்க.

உன் மகளுக்குச் சித்தி,
வசந்தா