மஞ்சள் சோற்றின் உச்சி

மகனுக்கு,

நான் சுகம். என்னிடம் சொல்லாமல் சிங்கப்பூரில் நீ நிக்காஹ் முடித்ததை இன்னும் மறக்கவில்லை.

பிரசவத்துக்கு நீ அனுப்பிவைத்த ஜாவாக்காரிக்கு இது ஏழாம் மாதம். அவர்கள் ஊரில் இதற்கு மஞ்சள் சோற்றை மலைபோல் குவித்து, தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்களாம். ஒரு வீட்டையும் விடக் கூடாதாம். சரி என்றேன். அவள் போய்க் காதர் பீவியையும் அழைத்துவிட்டாள்! உன் அக்கா கல்யாணப் பந்தியில் பிரியாணிக்கு உப்பில்லை என்றாளே, அவளைத்தான்.

வந்துவிட்டாள். துஆ ஓதி முடிந்ததும் உன் பெண்டாட்டி சோற்று மலையின் உச்சியை வெட்டித் தட்டில் வைத்தாள். வீட்டுக்குப் பெரியவருக்குத்தான் அது போகுமாம். "மாமி, உங்களுக்கு" என்று என்னிடம் நீட்டினாள்.

காதர் பீவிக்குப் பொறுக்குமா? "ஏண்டி, வாசப்படி ஏத்தமாட்டேன்னு சொன்ன மருமக கையாலயே வாங்கித் திங்கிறியா?"

"மருமகள்னு யாரு சொன்னா? இவ எம் மக. செத்த நேரம் பேசாம தின்னு, உப்பு சரியாத்தான் இருக்கு."

தின்றாள். போகும்போது பொட்டலமும் கட்டிக்கொண்டாள்.

நீ சந்தோஷப்படாதே. அவள் மகளாகிவிட்டதால் இனி நீதான் எனக்கு மருமகன். பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வந்து நிற்காதே.

இப்படிக்கு,
உன் மாமியார்