அந்தரம் என்று நீங்கள் சொன்ன அன்று

அன்பான செல்லத்துரை அண்ணே,

உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். என்மேல் இருக்கும் கோபத்தில் அது பாதிகூட இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பயமாக இருக்கிறது என்று அன்றைக்கு நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குப் புரிகிற ஒரு சொல்லாகப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

சயாமில் ரயில் பாதை போட, மூன்று மாத வேலை என்று சொல்லி, நம் தோட்டத்திலிருந்து முப்பது பேரை ஜப்பான்காரன் கேட்டான். கூடவே மருந்துப் பெட்டியோடு, புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்க ஒரு டிரெஸரும் போக வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி வந்து சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். ரெம்பாவ் பக்கத்து மலாய்க்காரர் ஒருவர், நீங்கள் காய்ச்சல் பார்த்துப் பிழைக்க வைத்த பெண்ணின் அப்பா, தன் வீட்டில் வந்து ஒளிந்துகொள்ளச் சொல்லியிருந்தார். போவதா, ஒளிவதா? அதைக் கேட்கத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வந்தீர்கள்.

"வாத்தியார், எனக்கு ஒரே அந்தரமாக் கிடக்கு," என்றீர்கள். "ஏனெண்டு கேட்டால் சொல்லத் தெரியேல்லை."

நான் சிரித்தேன். அந்தரம் என்றால் நடுவானம், அது எப்படி மனசுக்குள் வரும் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம் என்றீர்கள். கெட்ட கனவு கண்டீர்களா, யாராவது எதையாவது சொல்லிப் பயமுறுத்தினார்களா என்று பிள்ளைகளிடம் விடை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றீர்கள்.

"காரணம் இல்லாம ஒளிஞ்சா மாட்டிக்குவீங்க அண்ணே. மூணு மாசந்தானே, போயிட்டு வந்துருங்க," என்றேன்.

தலையாட்டினீர்கள். மறுநாள் லாரியில் ஏறிவிட்டீர்கள்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. போனவர்களில் முனியாண்டி மட்டும் போன மாதம் திரும்பினான், காலெல்லாம் புண்ணோடு. காலரா வந்த கொட்டகையில், மருந்து தீர்ந்த பிறகும் வெந்நீர் வைத்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றிக்கொண்டிருந்தீர்களாம். ஐந்தாம் நாள் நீங்களும் விழுந்தீர்களாம். அதற்குமேல் கேட்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதிலிருந்து அந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தரம் என்றால் இடைவெளி. மேலே பிடிக்கவும் ஒன்றும் இல்லாமல், கீழே கால் ஊன்றவும் மண் இல்லாமல் நடுவில் நிற்பது. அப்படி நிற்கிறவனிடம் காரணம் கேட்டால் எதை எடுத்துக் காட்டுவான்? நம் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்கள் "மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். மலாய்க்காரர்கள் மனம் ருசியாக இல்லை என்பார்கள். அப்போதெல்லாம் நான் யாரையும் விளக்கம் கேட்டதில்லையே. உங்களிடம் மட்டும் ஏன் கேட்டேன்? பதினாறு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு சொல்லின் பொருள் விளங்க நீங்கள் சாக வேண்டியிருந்ததா?

இங்கே அரிசி கிடைப்பதில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். காலையில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய எழுத்து எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். என்ன எழுதுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் பாதி தெரியாது.

ரஹாங்கில் தங்கியிருக்கும் உங்கள் மனைவியிடம் செய்தி சொல்ல நான்தான் போனேன். அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போறதுக்கு முதல் ஆரிட்டையும் யோசனை கேட்டவரோ?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன், அண்ணே. அந்த வீட்டில் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், முதலில் அக்கா படிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரஹாங்குக்கு நடந்தே போய் இதை அவர் கையில் கொடுப்பேன். கடைசி வரி வரை படித்து முடிக்கட்டும், அதுவரை வாசலில் நிற்பேன். பிறகு என்னை என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
வாத்தியார் ராமையா